ரஷ்யப் பாட்டில் அப்பாவின் பங்கு

போன மாதம் பியர்பொன்ட்ஸில், ஒரே கட்டடத்தில் வளர்ந்த நாங்கள் கூடியிருந்தபோது, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே உங்களில் ஒருத்தி கேட்டாள்: "உன்ர அப்பா அந்த நேரம் வேதத்துக்கு மாறினவரல்லோ?" கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலி, பிள்ளைகளின் வேலை எல்லாம் கதைத்து முடித்த பிறகு அடுத்ததாக வந்த கதை. "இல்லையடி" என்றேன். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். காரோட்டி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த "இல்லையடி" போதாது என்று பட்டது. எங்கள் அப்பா கிறிஸ்தவராகிவிட்டார் என்றுதான் இவ்வளவு காலமும் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடந்தது வேறு.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நேஜில் நாங்கள் இருந்த அந்த மண்ணிறக் கட்டடம் உங்களுக்கு நினைவிருக்கும். மாடிக்கு இரண்டு மூன்று தமிழ்க் குடும்பம். படிக்கட்டில் மீன்குழம்பும் நனைந்த கம்பளியும் கலந்து மணக்கும். குழாயில் சூடு ஏறும்போது ரேடியேட்டர் டொக், டொக் என்று தட்டும். முதல் மாரிக் குளிரில் ஒவ்வொரு தட்டுக்கும் அம்மா கதவைத் திரும்பிப் பார்ப்பார். சூட்டுக் குழாய்தான் என்று தெரிந்த பிறகும் பார்ப்பார்.

அம்மா அண்ணையின் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் ட்யூசன் விட்டு வரும் வழியில், ஒரு சுற்றிவளைப்பில், அண்ணையை ஆமி பிடித்துக்கொண்டு போனது. சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து எங்கள் மதிலில் சாத்திவிட்டுப் போனார்கள். கேம்ப் கேம்பாக அலைந்து ஒன்றும் சரிவராமல், கடைசியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இங்கே வந்து சேர்ந்தோம். அண்ணை பிந்தி வருவார் என்பதுதான் அம்மாவின் கணக்கு. மாரி முடிந்து கடைகளில் மலிவு விற்பனை தொடங்கும்போது, அண்ணையின் கால் இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தன் கையால் அளந்து பார்த்து ஒரு சோடி பூட்ஸ் வாங்குவார். ஊரில் எல்லாரிடமும் எங்கள் டெலிபோன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். பெரிய வீட்டுக்குப் போவோம் என்று அப்பா சொன்னால், "நம்பர் மாறிப்போம்" என்பார். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். இங்கே ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தார். அவருடைய குரலை நீங்கள் மறந்திருக்க முடியாது. உங்கள் வீட்டுக் கதவடியில் நின்று "தம்பி, அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்டால் நீங்கள் அம்மாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வீர்கள். தரைக்குக் கீழேயிருந்து வருகிற குரல் அது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை, வண்டு மாதிரி இரையாதை" என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அப்பா எங்கேயும் வாய் திறந்து பாடியதில்லை. எங்கள் பாட்டு மேலே ஏறுகிற பாட்டு. கீழே கிடக்கிற குரலுக்கு அங்கே வேலையில்லை.

புதிதாக வந்தவர்களுக்கான பின்னேரப் பிரெஞ்சு வகுப்பில், ஒவ்வொருவராக எழும்பிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அப்பா எழும்பி "பொன்ஷூர்" என்று வணக்கம் சொன்னார். முன்வரிசையில் இருந்த நரைத்த தாடிக்காரர் ஒருவர் கதிரையோடு திரும்பினார். அவர் சோவியத் நாட்டிலிருந்து வந்து ஒன்றிரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. வகுப்பு முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லாலும் மிச்சத்துக்குக் கைகளாலும் ஏதோ கேட்டார். அப்பாவுக்கு விளங்கியது ஒன்றுதான்: இந்த மனிதருக்கு என் குரல் வேண்டுமாம்.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு ரஷ்யக் கிறிஸ்தவக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் அந்தப் பாட்டுக்குழு கூடும். கோவில்காரரின் குழு அல்ல. இடத்தை மட்டும் இரவல் வாங்கியிருந்தார்கள். அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் பிஸ்கட் பக்டரியில் வேலை. என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் அப்பா கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்திருந்ததால் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளரும் நான்தான். எனக்குப் பதினொரு வயது.

மெழுகுதிரியும் பீட்ரூட் சூப்பும் மணக்கும் அந்த மண்டபத்தில் ஒரு வாத்தியம்கூடக் கிடையாது. அவர்களுடைய கோவில் மரபில் குரலைத் தவிர வேறொன்றும் கூடாதாம். ஆகவே மனிதர்களே எல்லாமாக வேண்டும். மேலே பெண்களின் குரல் மணி மாதிரி. நடுவில் இளந்தாரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், கட்டடத்துக்கு அத்திவாரம் போல, மிகத் தாழ்ந்த ஆண்குரல் மூன்று நாலு. அந்த அடிக்குரல் கிடைப்பது அருமை. இருந்த ஒரு கிழவர் அந்த மாரியில் நோயில் படுத்துவிட்டார். குழுவின் தலைவி குட்டையான பெண்மணி; மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். அப்பாவைத் தன் முன்னால் நிறுத்திக் கீழே, இன்னும் கீழே என்று கையைத் தாழ்த்திக்கொண்டே போனார். அப்பா போய்க்கொண்டே இருந்தார். மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் சிணுங்கின. தலைவி கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பாவுக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியாது. தாடிக்காரர் அவருடைய பகுதியை மட்டும் ஒரு கசெட்டில் பாடிக் கொடுத்தார். எங்கள் பழைய ரேப் ரெக்கோடரில் அதைப் போட்டு, பாத்ரூமில் முகம் வழிக்கும்போது அப்பா கூடவே இரைவார். ரெக்கோடரும் கசெட்டும் எந்த வீடு மாறும்போது தொலைந்தன என்று தெரியவில்லை. "உந்த உறுமலை நிப்பாட்டுங்கோ, ரெலிபோன் அடிச்சாலும் கேளாது" என்று அம்மா குசினி அடுப்படியிலிருந்து கத்துவார்.

இடைவேளையில் தேநீருக்குள் ஜாம் போட்டுக் குடித்துக்கொண்டு தாடிக்காரர், அதற்குள் தேறியிருந்த தன் பிரெஞ்சில், தங்கள் நாட்டு இசைக்காரர்களின் கதைகளைச் சொல்வார். நான் தமிழில் அப்பாவுக்குச் சொல்வேன். அந்தப் பெயர்கள் என் நாக்கில் நிற்காததால் அப்பாவும் நானும் பட்டம் வைத்துக்கொண்டோம். இரசாயனக்காரர் என்று ஒருவர். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்தவர். வருத்தம் வந்து படுத்தால்தான் அவருக்குப் பாட்டெழுத நேரம் கிடைக்கும் என்பதால், அவருக்குச் சுகமில்லாமல் வரவேண்டும் என்று கூட்டாளிமார் ஆசைப்படுவார்களாம். கடலோடி என்று இன்னொருவர். கடற்படைக் கப்பலில் இருந்துகொண்டே எழுதியவர். சிவந்த மூக்கர் என்று மூன்றாமவர், அரசாங்கக் காட்டு இலாகாவில் கிளாக்கர். "கிளாக்கரோ!" என்று அப்பா சந்தோசப்பட்டார். இவர்கள் எல்லாம் ஒரு செற். வெளிநாட்டாரைப் பார்த்து எழுதினது போதும் என்று, தங்கள் குடியானவர்களின் பாட்டையும் கோவில் மணியையும் பழைய கோவில் ராகங்களையும் எடுத்துத் தங்கள் இசையைக் கட்டினவர்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர் நெட்டையர். நாங்கள் அந்த வசந்தத்தில் பாட இருந்தது அவருடைய பாட்டைத்தான். நாட்டில் கலகம் வந்தபோது மனைவியோடும் இரண்டு மகள்மாரோடும் பனிவண்டியில் எல்லை கடந்தவர். திரும்பிப் போகவே இல்லை. இருந்த பெரிய கைகளால் பியானோ வாசித்துக் குடும்பத்தைப் பார்த்தார். ஆனால் கனகாலம் புதிதாக ஒன்றும் எழுதவில்லை.

"ஏனாம் எழுதேல்லை?" என்றார் அப்பா.

நான் கேட்டேன். தாடிக்காரர் சொன்னதைத் தமிழாக்கினேன்: "கேக்கிறதுக்கு உள்ளுக்க ஒண்டும் வரேல்லையாம், அப்பா."

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. ஒரு கிழவர் குழந்தையொன்றைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், இனி என்னைப் போகவிடு என்று கடவுளிடம் கேட்கிறார். முடிவில் மற்றக் குரல்கள் எல்லாம் அடங்க, அடிக்குரல்காரர் மட்டும் படி இறங்குவது மாதிரி ஒவ்வொரு சுரமாகக் கீழே போய், மனிதக் குரல் போகக்கூடிய எல்லையில் நிற்பார்கள். பொருளைச் சொன்ன அன்று அப்பாவால் அந்த இறக்கத்தைப் பாட முடியவில்லை. பாதிப் படியில் நின்றுவிட்டார். சளி பிடித்திருக்கிறது என்று தலைவியிடம் சொல்லச் சொன்னார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அங்கே அண்ணையின் பெயர் என் காதில் விழுந்தது.

பயிற்சி முடிந்து எல்லாரும் கோட் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: இறந்துபோன தங்கள் ஆட்களின் பெயரை ஒவ்வொருவராகச் சொல்வார்கள்; பிறகு எல்லாருமாக ஒரு சின்னப் பாட்டுப் பாடுவார்கள். இரண்டே சொல், திரும்பத் திரும்ப வரும். மறக்கமாட்டோம் என்பதுதான் பொருள். மேலே கோவிலுக்குள் என்றால் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான். கீழே மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை. ரஷ்யப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அப்பாவின் முறை வந்தது. அவர் அண்ணையின் முழுப்பெயரையும், பள்ளிக்கூடப் பெயர் இடாப்பில் இருக்கிற மாதிரி, சொன்னார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து பாடினார். நான் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்துவிட்டு மீண்டும் அவிழ்த்துக் கட்டினேன்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் அப்பா கேட்டார்: "கேட்டனியே?"

"ஓம்."

"கொழும்பு லொட்ஜில நிக்கேக்க ஒரு பொடியன் வந்தவன். கேம்புக்குள்ள அண்ணையோட ஒண்டா இருந்தவன். அவனுக்கு முன்னாலதான் நடந்ததாம்." கையுறையால் முகத்தைத் துடைத்தார். "அம்மாட்டச் சொன்னா அவ தாங்கமாட்டா. சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. செத்தவீடு இல்லை, அந்தியேட்டிக் கிரியை இல்லை. எங்க போய் அழுறது? இஞ்சை வந்து சொல்லுறன்."

"எப்ப அம்மாட்டச் சொல்லுவியள்?"

"சொல்லுவன். பேந்து ஒருநாளைக்குச் சொல்லுவன்."

இதற்கிடையில்தான் உங்கள் வீடுகளில் கதை கிளம்பியது. அப்பா சனிக்கிழமைகளில் ஒரு கோவிலுக்குள் நுழைவதை யாரோ கண்டிருந்தார்கள். மேல்மாடி மாஸ்டர் ஒருநாள் வந்து, செருப்பைக் கழற்றாமலே கதவடியில் நின்று கேட்டார்: "என்ன மனேச்சர், வேதத்துக்கு மாறிட்டீங்களாமே? அகதிக் கேஸுக்கு நல்லதெண்டு ஆரும் சொன்னவையோ?" அப்பா வாய் திறக்க முதல் அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டார். "மாஸ்டர், எங்கட வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால நிண்டு கேளுங்கோ பாப்பம்" என்றார். மாஸ்டர் போய்விட்டார். கதவைச் சாத்தியதும் அம்மா அப்பாவிடம் திரும்பினார். "உண்மையாத்தான் என்ன செய்யிறியள் அங்கை?" தலைவியைப் பற்றிய வேறொரு சந்தேகமும் அம்மாவுக்கு இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"வந்து பாருமன். நிண்டு பாடுறது மட்டும்தான்" என்றார் அப்பா.

பனி உருகி ஓடிய ஒரு ஞாயிறு மத்தியானம், ஒரு பெரிய கற்கோவிலை வாடகைக்கு எடுத்துக் கச்சேரி வைத்தார்கள். அம்மா நீலச் சேலைக்கு மேல் மாரிக் கோட்டும் காலில் பூட்ஸுமாக வந்தார். கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். அப்பா கறுப்புக் கோட்டில், தாடிக்காரருக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில். பாட்டுத் தொடங்கியது. கிழவர் குழந்தையை ஏந்தும் இடமும் வந்தது. படிப்படியாக அந்தக் குரல்கள் இறங்கின. நாங்கள் இருந்த மரவாங்கு அதிர்வது தொடையில் தெரிந்தது.

"உது அப்பாவோ?"

"ஓம் அம்மா."

அம்மாவின் முகத்தில் நான் ஊரில் கண்ட சிரிப்பு வந்தது. "இந்த மனிசனுக்குள்ள இது எங்கை கிடந்தது?" என்று எனக்குக் கேட்கச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் தலைவி முன்னால் வந்து பிரெஞ்சில் பேசினார். அது நிகழ்ச்சியில் இல்லாதது. அந்தக் கிழமை குழுவிலிருந்த ஒரு மூதாட்டி இறந்துவிட்டார். அவருக்காகவும் குழுவினர் பறிகொடுத்த மற்றவர்களுக்காகவும் ஒரு பாட்டு என்றார். மண்டபத்தில் மாதக்கணக்காகக் கேட்டு அவருக்குப் பாடமாகியிருந்த பெயர்களை வரிசையாகச் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலைவியின் முதுகை நோக்கி ஒரு கையை இலேசாக உயர்த்தினார். ஆனால் பெயர் வந்துவிட்டது. ரஷ்ய நாக்கில் கோணலாகத்தான் வந்தது. எந்த நாக்கில் வந்தாலும் அது அம்மா வைத்த பெயர்.

அம்மா என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "எங்கட பிள்ளைக்கும் மன்றாடினமோ? வரவேணுமெண்டோ?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சொன்னவ? வடிவாச் சொல்லு."

பதினொரு வயதில் மொழிபெயர்ப்பது என்றால் சொன்னதைச் சொல்வது. வேறு விதமாகச் சொல்லலாம் என்பதே தெரியாது. "செத்துப்போன எங்கட ஆக்களுக்கு எண்டு சொன்னவ, அம்மா."

அந்தப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்பது வழக்கம். கோவில் முழுவதும் எழுந்தது. நானும் எழுந்தேன். அம்மாவின் கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது. இருந்தேன். அம்மா எழவில்லை. எங்களைச் சுற்றி முதுகுகள், ஈரக் கோட்டுகள், அந்துருண்டை மணம். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அந்த இரண்டு சொற்களும் மேலே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தன. அப்பா அன்று பாடினாரா, வாயை மட்டும் அசைத்தாரா, எனக்குத் தெரியாது. மேடையிலிருந்து பார்த்தால் நின்ற கூட்டத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் அம்மா வேறு இருக்கையில் இருந்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கேட்டார்: "எப்ப தெரியும்?"

"கொழும்பில நிக்கேக்க."

"அதுக்குப் பிறகு நான் பூட்ஸ் வாங்கேக்க நீங்கள்தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்."

அப்பா குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். "ஆரோ ஒரு பொடியன் சொன்னதுக்கு என்ர பிள்ளையைச் சாகக் குடுத்திட்டியள்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்த வசந்தம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. சாப்பாடு மேசைக்கு வரும். "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். இரண்டடி தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும் நடுவில், தமிழிலிருந்து தமிழுக்கு, நான் மொழிபெயர்த்தேன். அப்பா குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

தாடிக்காரர் ஒருநாள் தேடிக்கொண்டு வந்தார். அப்பா வேலையில். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். அம்மா அவரை உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு என் வயதாக இருக்கும்போது அவருடைய தகப்பனை வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். ஒரு தகவலும் இல்லை. அவருடைய தாய் சாகும்வரை காத்திருந்தாராம்.

அம்மா அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார். "இவர் அந்தப் பாட்டைப் பாடத் தாய் விட்டவவோ எண்டு கேள்."

கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "தாய் இருக்குமட்டும் இவர் பாடேல்லையாம். ஐம்பது வயசு மட்டும் வாய்க்குள்ளயே வைச்சிருந்தவராம்" என்றேன்.

அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டார். சீனி வழமையைவிடக் கூடப் போட்டார். அவர் நின்றபடியே குடித்துவிட்டு நன்றியாக ஒரு "மெர்சி" சொல்லிப் போனார்.

அந்தக் கிழமையே, நல்ல வெயில் நாளொன்றில், அம்மா குசினியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார். அப்பா தண்ணீர் எடுக்க வந்தார். அம்மா திரும்பாமலே சொன்னார்: "அண்டைக்குப் பிள்ளைக்குப் பாடினதைப் பாடுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. தம்ளரை வைத்துவிட்டு நின்று பாடினார். நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: முப்பது பேர் பாடும் பாட்டில் அடிக்குரலின் பகுதியை மட்டும் தனியே பாடினால் அது பாட்டே இல்லை. ஒரே இடத்தில் நிற்கிற ஓர் இரைச்சல். கொஞ்சம் இறங்கும், திரும்பவும் அதே இடத்துக்கு வரும். ராகம் எல்லாம் மேலே, மற்றவர்களிடம்.

"இவ்வளவுதானோ?"

"என்ர பங்கு இவ்வளவுதான். மிச்சத்தை மற்றாக்கள் பாடுவினம்."

அம்மா அடுப்பைக் குறைத்தார். "அவன் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். ஒருநாளும் சொல்லமாட்டன். நீங்கள் போய்ப் பாடுங்கோ."

அப்பா அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனார். அந்தக் குழு கலையும்வரை, தலைவிக்குக் கண் தெரியாமல் போகும்வரை, பாடினார். அம்மா ஒரு கச்சேரிக்கும் வரவில்லை. கறுப்புக் கோட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தார். அண்ணையைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு மகன் செத்துப்போயும் இன்னொருவருக்கு உயிரோடும் இருந்தார். அப்படியே இரண்டு பேரும் கிழடாகினார்கள்.

அப்பா போனது உங்களுக்குத் தெரியும்; செத்தவீட்டுக்கு ஆற்றுக்கு அப்பால் புரோசார்டிலிருந்தெல்லாம் வந்திருந்தீர்கள். நீங்கள் பின்வரிசைகளில் இருந்தீர்கள், இது கேட்டிருக்காது. கிரியை தொடங்க முதல், ரொறொன்ரோவிலிருந்து வந்த இளம் ஐயர், குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "மூத்த மகன் எங்கை? முன்னால வரச் சொல்லுங்கோ."

நான் வாய் திறந்தேன். அம்மா சக்கர நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"அவர் இன்னும் வந்து சேரேல்லை, ஐயா" என்றார். "தகப்பனை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நீங்கள் தொடங்குங்கோ. மகள் செய்வா."